பிடியரிசி போன தூரம்

சென்ற இதழை மிஷனெரி ராக்லந்தின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1858 அக்டோபரில் சிவகாசியில் அவர் கண்மூடினார். அவர் விட்டுப்போன காரியங்களில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இந்த இதழுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. வடக்குத் திருநெல்வேலியின் கரிசல் ஊர்களில் கூடாரம் அடித்துச் சுற்றிவந்த அவருடைய ஊழியத்துக்கு, தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து மாற்றி மாற்றி அனுப்பின. அவர்கள் செலவையும் அந்தச் சபைகளே பார்த்துக்கொண்டன. பெரும்பாலும் பனையேறி, கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த ஜனங்களின் சபைகள் அவை.

அடுத்த ஐம்பது வருடத்தில் அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? அழியவில்லை, அமுங்கிப்போயிற்று என்பதுதான் என் எண்ணம். திருநெல்வேலி ஆட்கள் வெளியே போகாமல் இல்லை. 1850களின் நடுவிலேயே இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர்களிடம் இங்கிருந்து உபதேசிமார் போயிருக்கிறார்கள். ஆனால் அது தோட்டத்துரைமாரும் லண்டனிலிருந்த ஒரு மிஷனெரி சங்கமும் சேர்ந்து செய்த ஏற்பாடு. யார் போவது, எங்கே தங்குவது, என்ன சம்பளம் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். மகனைத் தூரதேசத்தில் வேலைக்கு அனுப்பிய வீட்டுக்கு அந்த வேலையில் என்ன பங்கு உண்டோ, அவ்வளவுதான் திருநெல்வேலிச் சபைக்கு அதில் பங்கு.

1896ல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாக ஆனது. பல்லாயிரம் கிறிஸ்தவர்கள், சொந்தக் குருமார், பள்ளிக்கூடங்கள், மாதப் பத்திரிகை, கோபுரம் வைத்த கோயில்கள் எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான். சுவிசேஷம் எட்டாத ஒரு ஜனத்தைக் காட்டி, "இவர்கள் எங்கள் பொறுப்பு" என்று அந்தச் சபையால் சொல்ல முடியவில்லை. இத்தனை பெற்ற சபை இன்னும் வாங்கும் கையாகவே இருந்தது.

இது அந்தச் சபையின் பிள்ளை ஒருவருக்கு உறைத்த இடம் யாழ்ப்பாணம்.

*

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்தக் கிராமத்தின் குருவானவர். தாயார் எலன். நெடுங்காலம் காத்திருந்து பிறந்த ஆண்பிள்ளை. வேதாகமத்து அன்னாளைப் போல் கேட்டுப் பெற்றதால் சாமுவேல் என்று பேர் வந்தது. மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் வாங்காமலே படிப்பு நின்றது. 1895லிருந்து ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட ஷெர்வுட் எட்டியோடு ஏற்பட்ட சிநேகம் ஆயுசுக்கும் நீடித்தது. 1898ல் அன்பு மரியம்மாளைக் கலியாணம் செய்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை படித்த முதல் சிலரில் அந்த அம்மாவும் ஒருவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு இதழ் எழுதவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

1902ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே அமெரிக்க மிஷன் சபைகள் ஒன்றைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1847லேயே தங்களுக்கென்று ஒரு சுவிசேஷ சங்கம் வைத்து, குடாநாட்டுக்கு மேற்கேயுள்ள தீவுகளுக்கு ஆள் அனுப்பியவர்கள். புதிய நூற்றாண்டு பிறந்த வேளையில் அங்குள்ள மாணவர்களும் இளைஞர்களும் கடலைத் தாண்டி இந்தக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பி ஆதரித்துக்கொண்டிருந்தார்கள். இராமநாதபுரத்துத் தொண்டிதான். நமக்கு அது பக்கத்து ஊர், அவர்களுக்கு அயல்நாடு. பாக் நீரிணையின் அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னச் சபை நம்முடைய கரையைப் பார்த்து, "அங்கே சுவிசேஷம் எட்டவில்லை, நாம் போகவேண்டும்" என்று தீர்மானித்து, தன் பணத்தில் ஆள் அனுப்பியிருக்கிறது. அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபையின் பிள்ளை அங்கே விருந்தாளியாக உட்கார்ந்து இதைக் கேட்கிறார்.

அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். அந்த வெட்கத்தை அவர் வீணாக்கவில்லை. ஊர் திரும்பி நண்பர்களோடு பேசினார், ஜெபித்தார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அசரியா அதன் செயலர். அப்போது அவருக்கு 28 வயது.

சங்கத்தின் அடிப்படை மூன்று வார்த்தைகளில் அடங்கிவிடும்: நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம். மூன்றாவதைச் சொல்வதற்குத்தான் அன்றைக்குத் துணிவு வேண்டியிருந்தது. ஆளும் பணமும் தருகிறோம் என்றால் எந்த வெள்ளைக்கார மிஷனெரியும் சந்தோஷப்பட்டிருப்பார். நாங்களே நடத்துகிறோம், வெளிநாட்டுக் காசு ஒரு தம்பிடி வேண்டாம் என்பது வேறு பேச்சு. அதே சமயம் இவர்கள் யாரோடும் முறைத்துக்கொண்டு பிரிந்துபோய்ச் சங்கம் வைக்கவும் இல்லை. திருச்சபைக்குள்ளேயே நின்று, அத்தியட்சருடைய ஆசீர்வாதத்தோடு வைத்தார்கள். பிரிந்துபோய்ச் சங்கம் வைப்பது எளிது. உள்ளேயிருந்தே ஒரு சபையை நிமிர்த்துவது அப்படியல்ல.

*

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது, பேர்போட்டு எழுதிய நன்கொடைகளைவிட என்னை இழுப்பது அடுக்களைதான்.

பிடியரிசி இந்தச் சங்கத்துக்கு மூத்தது. தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், என் பாட்டி வீட்டில் கண்டதை. உலை கொதிக்கும்போது பாட்டி அரிசிப் பானைக்குள் உழக்கை விட்டு அளந்து சுளகில் கொட்டுவாள். புடைத்து, கல் பொறுக்கி, களைவதற்கு முன்னால் சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளி, மாடத்தில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். போடும்போது வாய் அசையும். என்ன சொல்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். "ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவேன்டா" என்றாள். வடக்கே போயிருந்த மிஷனெரிக் குடும்பங்களின் பேர்களை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அவர்களுடைய பிள்ளைகள் பேர்கூடத் தெரியும். அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

அதில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டுக்கு அளந்தபின், அந்த அளவிலிருந்து எடுக்க வேண்டும். பானையில் மிச்சம் இருப்பதிலிருந்து எடுத்தால் அது பிடியரிசி ஆகாது. அன்றைக்கு உண்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கவளம் குறைத்து உண்ண வேண்டும், அதுதான் கணக்கு. விருந்து வந்துவிட்டால் அளவும் கூடும், பிடியும் கூடும். அரிசி இல்லாமல் கஞ்சியோடு படுத்த நாளில் பிடியும் இல்லை, ஆனால் பேர் சொல்வது மட்டும் நிற்காது.

சனிக்கிழமை பொம்பளைப் பிள்ளைகள் இரண்டுபேர் சாக்கோடு வருவார்கள். வீட்டுக்கு வீடு வேறு வேறு அரிசி, புழுங்கலும் பச்சையும் குருணையும் கலந்து ஒரே சாக்கில் விழும். அதை ஏலம் விடுவார்கள். அந்தக் கலப்பு அரிசிக்குக் கடையில் பாதி விலைகூட வராது. கோயில் வளாகத்து ஏலத்தில் கடை விலையைத் தாண்டிப் போகும். அறுப்பின் பண்டிகை வந்தால் முதல் குலை, முதல் முட்டை, பலாப்பழம், கோழி, கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒருவர் எடுத்துவிட்டு அங்கேயே திரும்பக் கொடுப்பார். ஒரே முருங்கைக்கட்டு மூன்று தரம் விலைபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அசரியாவின் சங்கம் இப்படிப்பட்ட காணிக்கைகளின் மேல்தான் நின்றது. இதை எளிமையின் அழகு என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதில் ஒரு வேலை நடக்கிறது. பணக்காரர் ஒருவர் ஆயிரம் ரூபாய் தந்தால் மிஷனெரியை அந்த ஒருவருக்குத்தான் தெரியும். ஆயிரம் வீட்டில் பிடியரிசி எடுத்தால் ஆயிரம் அடுப்படியில் தினம் இரண்டுவேளை அந்தப் பேர் சொல்லப்படும். தூரத்தில் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால் ஊரே கேட்கும். கடிதம் வராவிட்டாலும் ஊரே கேட்கும். வடகிழக்கே மிஸோரம் சபைகளிலும் 1910 முதல் இதே பிடியரிசி வழக்கம் வேரூன்றி, இன்றைக்கும் அங்கிருந்து போகும் மிஷனெரிகளைத் தாங்குகிறது. ஒரு பெண்ணின் கைதான் அங்கேயும் அளவு.

*

பணம் சேர ஆரம்பித்ததும் யாரிடம் போவது என்ற கேள்வி வந்தது. பக்கத்திலேயே தமிழ் ஊர்கள் இருந்தன. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், செலவும் குறைவு. ஆனால் சங்கம் தேடியது யாருமே போகாத இடம். கிழக்கு ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டணம் முதல் நெல்லூர், ஓங்கோல் வரை மிஷன்கள் ஏற்கெனவே வேர்விட்டிருந்தன. ஓங்கோல் பக்கம் 1878ல் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்ற செய்தி உலகமே பேசியது. நிஜாம் ராஜ்யத்துக்குள் அனுமகொண்டாவில் பாப்டிஸ்டுகளும் மேதக்கில் வெஸ்லியன்களும் இருந்தார்கள். இவற்றுக்கு நடுவே ஒரு வெற்றிடம் கிடந்தது. வாரங்கல் பக்கத்து மானுகோட்டை தாலுகா, இன்றைய மகபூபாபாத். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன். 1904ல் போனார்.

ரயில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவருடைய வழியைப் பார்த்தேன். திருநெல்வேலியில் குறுகிய பாதை ரயிலில் ஏறிச் சென்னை. அங்கிருந்து அகலப் பாதையில் பெஜவாடா, இன்றைய விஜயவாடா. அந்தப் பாதை போட்டே அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. பெஜவாடாவில் நிஜாம் ரயிலுக்கு மாறி, எல்லை தாண்டி, டோர்னக்கல். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப்பாதை பிரியும் ஜங்ஷன் அது. நிலக்கரி வண்டிகள் வந்துபோகும் ஸ்டேஷன், அதைச் சுற்றிக் காடு. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

இறங்கியபின் எல்லாமே வேறு. பேச்சு தெலுங்கு, அதிகாரிகளின் எழுத்து உருது. நாணயம்கூட வேறு. நிஜாமின் சிக்கா ரூபாய்க்கு பிரிட்டிஷ் ரூபாயைவிட மதிப்புக் குறைவு, எல்லையில் மாற்ற வேண்டும். திருநெல்வேலி அடுக்களையில் பிடிபிடியாகச் சேர்ந்த அரிசி காசாகி, அந்தக் காசும் உருமாறித்தான் அங்கே செலவாயிற்று. சாப்பாடு சோளம். ராத்திரியில் புலி. "எல்லாம் இந்தியாதானே" என்று கிளம்பியவர்களுக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி எவ்வளவு அந்நியனோ அவ்வளவு அந்நியன் தானும் என்பது புரிந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சபைகளில் இன்றைக்கும், "வெள்ளைக்காரன் வேண்டாம், நம்ம ஆள் போனால் போதும், ஜனம் ஒட்டிக்கொள்ளும்" என்ற நினைப்பு இருக்கிறது. தோல் நிறம் ஒன்றானால் மட்டும் வழி திறந்துவிடாது. பாக்கியநாதன் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. பின்னால் அசரியாவும் அப்படியே படித்தார். அந்த மாதங்களில் ஊருக்கு எழுத ஒரு சேதியும் இருந்திருக்காது. ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, கோயில் இல்லை. காணிக்கை அனுப்பும் சபைக்கு இதுதான் சோதனைக் காலம். எனக்குத் தெரிந்த ஒரு சபை, மொழி படிக்கப் போன மிஷனெரிக்கு ஒரு வருடத்திலேயே "எத்தனை ஆத்துமா?" என்று கடிதம் போட்டது. விடுப்பில் வந்தவரை ஆராதனை முடிவில் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லி, அறிவிப்புகளுக்கு நேரமாகிவிட்டது என்று அதையும் இரண்டாகக் குறைத்தது. அவர் அன்றைக்கு என்ன பேச நினைத்திருந்தாரோ, இன்னும் எனக்கு அது உறுத்துகிறது. பாளையங்கோட்டைச் சங்கம் இரண்டு வருடம் காத்திருந்தது. 1906ல்தான் டோர்னக்கல்லில் முதல் ஞானஸ்நானம். சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் நேரில் போய்க் கொடுத்தார்.

*

யார் முன்வந்தார்கள்? மாலாக்களும் மாதிகாக்களும்.

ஊருக்கு வெளியே மாலவாடை, அதற்கும் அப்பால் மாதிகவாடை. தெலங்கானா கிராமத்தில் தொரை என்றால் நிலம், கிணறு, நியாயம் எல்லாம் அவர் கையில். இந்த ஜனங்கள் அவருக்கும் அதிகாரிகளுக்கும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு அங்கே பேர் வெட்டி. செருப்புத் தைத்துக் கொடுப்பது, சுமை தூக்குவது, ஓலை கொண்டு ஓடுவது என்று கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். அறுவடை நடுவில் கூப்பிட்டாலும் போக வேண்டும்.

அந்த வாசலில் போய் நின்ற தமிழர்களைப் பற்றி நாம் உண்மையாகப் பேச வேண்டும். திருநெல்வேலித் திருச்சபையில் சாதி இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் பெண் கொடுத்து எடுப்பதிலும் அது இருந்தது என்பதைத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். அசரியா பிறந்த நாடார் சமூகமே இரண்டு தலைமுறைக்கு முன்னால் தெருவில் நடக்கவும் மார்பு மறைக்கவும் போராடிய சமூகம். அந்த வடு ஆறாத வீட்டிலிருந்து புறப்பட்டவர், தன்னைவிடக் கீழே தள்ளப்பட்டவன் கையால் வாங்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாரா? குடித்தார்கள். அங்கேயே உண்டு, அங்கேயே படுத்தார்கள். மாதிகாவின் குடத்துத் தண்ணீரை மாலா தொடமாட்டான், அந்த இரு ஜாதியையும் ஒரே பந்தியில், ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் சேர்க்க அசரியா ஆயுள் முழுக்கப் பாடுபட்டார். எல்லா இடத்திலும் வென்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பியவர்களின் சாதி, போனவர்களோடு சேர்ந்து ரயிலேறியிருந்தால் டோர்னக்கல்லில் ஒரு சபையும் எழும்பியிருக்காது.

இதற்குள் வேலை திருநெல்வேலிக்கு வெளியேயும் விரிந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில், தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதற்கும் அசரியா செயலர். திருநெல்வேலி கண்ட வழி இந்தியா முழுமைக்கும் போயிற்று. அந்தக் கதை நீளமானது, இங்கே விட்டுவிடுகிறேன்.

அசரியாவுக்கு ஒன்று மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. மேடை மேடையாகப் போய் மற்றவர்களை "போங்கள், போங்கள்" என்கிறோம், நாம் போகவில்லையே என்பது. 1909 ஜூனில் உதவிக்குருவாகவும் டிசம்பரில் குருவாகவும் பட்டம் பெற்றார். ஒய்.எம்.சி.ஏ.யின் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, தான் தொடங்கிய சங்கத்தின் சாதாரண மிஷனெரியாக, மனைவி பிள்ளைகளோடு டோர்னக்கல் போய்க் கூடாரத்தில் இறங்கினார். 35 வயதில் தெலுங்கு அரிச்சுவடி. செயலராக இருந்து யாருக்குச் சம்பளம் அனுப்பினாரோ அவர்களோடு சேர்ந்து அதே சம்பளத்தை வாங்கினார். அனுப்பும் சபைக்கு இதைவிடப் பெரிய சேதி வேண்டியதில்லை.

மறு வருடம், 1910 ஜூன், எடின்பரோ. உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுபேர்கூட இல்லை. அசரியாவைப் பேசச் சொன்னார்கள். வெளிநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மதித்தே பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடம்பையே கொடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இந்திய ஊழியனுக்கும் வெள்ளைக்கார மிஷனெரிக்கும் நடுவே உறவு சரியில்லை, முதலாளியும் வேலைக்காரனும்போல் இருக்கிறது என்று அத்தனை பேர் முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கத்தில் பலருக்குக் கசந்தது. சிலருக்குக் கோபம் வந்தது.

அந்தப் பேச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். எனக்கு அதன் பின்னால் தெரிவது பிடியரிசிக் கலயம். வெறும் கையோடு போய் நின்றிருந்தால் அந்தப் பேச்சு மனுவாக ஆகியிருக்கும். தன் சொந்தச் சபையின் காசில், தன் சொந்தச் சபையின் ஆளாக, காட்டு ஊரில் கூடாரம் போட்டுவிட்டு வந்தவர் அவர். அதே வேலையைச் செய்கிற உடன்வேலையாளாக அந்த மேடையில் நின்று, "சிநேகிதனாக வா" என்று கேட்டார். எடின்பரோவில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு வெள்ளாளன்விளை அடுக்களைகளைப் பற்றித் தெரிந்திருக்கும்?

1912 டிசம்பர் 29ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் டோர்னக்கல்லின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதற்கு எதிராக மனுக்கள் போயின. வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, நம் தமிழ்க் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள், சாதியைச் சொல்லியும் எதிர்த்தார்கள். அடுக்களையில் பேர்சொல்லிப் பிடியரிசி போட்ட அதே திருச்சபைதான் இதையும் செய்தது. வரலாறு எழுதுகிறவன் ஒன்றை வைத்து மற்றதை மறைக்கக் கூடாது.

*

டோர்னக்கல்லில் அசரியா செய்த ஒரு காரியத்தை அன்றைக்குப் பலர் கொடுமை என்றே நினைத்திருப்பார்கள். வெட்டி செய்து, கடனில் மூழ்கி, ஒருவேளைச் சோளக்கூழுக்குக் கையேந்தும் ஜனத்திடம் அவர் காணிக்கை கேட்டார்.

ஏற்கெனவே நன்றாகத் தந்துகொண்டிருந்தது திருநெல்வேலி. இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் யாழ்ப்பாணத்தில் தான் பட்ட வெட்கத்தை மறக்கவில்லை. பெற்றுக்கொண்டே இருக்கும் சபை எவ்வளவு பெரிதானாலும் பிள்ளையாகவே இருந்துவிடுகிறது என்பது அவருக்குத் தன் சொந்த ஊரை வைத்தே தெரியும். திருநெல்வேலிக்கு அந்த விழிப்பு வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. டோர்னக்கல் ஜனத்தை அவ்வளவு காலம் காக்கவைக்க அவருக்கு மனசில்லை. அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பிசாசுகளை அவர் ஓயாமல் விரட்டினார். அதே மூச்சில், கொடுக்கவும் பழக்கினார். தசமபாகம், அறுப்புப் பண்டிகை, சமைக்கும்போது ஒரு பிடி. பின்னாளில் கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஊரூராகப் போய் அவர் கற்றுக்கொடுத்ததும் கற்றுக்கொண்டதும் அதில் இருக்கிறது.

அவர் மாட்டுவண்டியில் மறைமாவட்டம் முழுக்கச் சுற்றினார். உபதேசிமாரைக் குடும்பத்தோடு பயிற்சிக்கு எடுத்தார். மனைவியும் படிக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கிராமத்தில் பாதிச் சபையை நடத்தப்போவது அந்தப் பெண்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெலுங்குப் பாட்டும் பஜனையும் வாசலில் நிகழ்த்தும் கதையும் ஆராதனைக்குள் வந்தன. 1920களில் மறைமாவட்டத்தின் எல்லை பெரிதாயிற்று. 1940களின் தொடக்கத்தில் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையான டோர்னக்கல் பேராலயத்தில் மசூதியின் கும்மட்டமும் கோயில் மண்டபத்தின் தூணும் ஒன்றாக நிற்கின்றன. கல்லில் தாமரையும் வாழைப்பூவும். கட்டி முடிக்கப் பல வருடம் ஆயிற்று, அவ்வப்போது சேர்ந்த பணத்தில் அவ்வப்போது எழும்பிய கட்டடம். அதைக் கட்டிய கதை அடுத்த இதழில்.

இந்த இதழுக்கு மிச்சம் இருப்பது ஒரு காட்சி. டோர்னக்கல் நாட்டில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களுக்கு அசரியா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தலையில் ஈரம் காயாமல் இருக்கும்போதே, தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொல்லவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத மாதிகா பெண்ணும் சொல்வாள், அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் பக்கத்து வாடைக்குக் கூலிக்குப் போகும்போது அவள் அதைத்தான் பேசிக்கொண்டு போவாள்.

அந்தி சாய்ந்து வீடு திரும்பி அடுப்பு மூட்டுவாள். திருநெல்வேலியிலிருந்து வந்த மிஷனெரி அம்மா கற்றுக்கொடுத்தபடி, அளந்த பின் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். அரிசி ஏது அவளுக்கு? ஜொன்னலுதான், சோளம்.